பெயரில் மட்டும் பிக்கப்: பழைய டொயோட்டாவுடன் ஏழு வருடம்

மற்ற நாடுகளில் ஹைலக்ஸ் என்று விற்ற வண்டிக்கு அமெரிக்காவில் அப்போது தனிப்பெயர் கிடையாது, வெறும் ‘பிக்கப்’தான். என்னுடையது 1991 மாடல், ஃபோர் வீல் டிரைவ், ஐந்து கியர். உள்ளே 22ஆர்ஈ என்கிற 2.4 லிட்டர் ஃபியூயல் இன்ஜெக்ஷன் எஞ்சின். புதிதில் 116 எச்பி. நான் வாங்கும்போது 2 லட்சம் மைல் ஓடியிருந்தது. டென்வரிலிருந்து ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு ஏறினால், லாரிகளுக்குப் பின்னால் 35 மைல் வேகத்தில் ஊர்ந்தது. நம்மூர் மெக்கானிக் பார்த்திருந்தால் “பிக்கப்பே இல்லையே சார்” என்றிருப்பார்.

அந்தச் சுரங்கம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். இது முதலிலேயே உறைத்திருந்தால் கொஞ்சம் காசு மிஞ்சியிருக்கும்.

முதல் வருடம் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கோன் ஃபில்டர் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்), ஹெடர் (புகை எளிதாக வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாய்கள்). சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த எஞ்சினில் உள்ளே போகும் காற்று ஒரு மடல் கதவைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். அந்தக் கதவு திறக்கும் அளவை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளக்கிறது. அந்த இடுக்கு அப்படியே இருக்க, முன்னால் எந்த ஃபில்டர் இருந்தால் என்ன? போதாக்குறைக்கு என் கோன் ஃபில்டர் எஞ்சினின் சூடான காற்றையே இழுத்துக்கொண்டிருந்தது. பழைய ஃபில்டர் பெட்டியைத் திரும்ப மாட்டினேன். ஹெடரை விட்டுவைத்தேன், கழற்றச் சோம்பல்.

உண்மையான மாற்றம் வந்தது ஒரு துண்டு ஒயரால். இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, 5 டிகிரியில் வைக்கவேண்டும். ஆனால் அதற்குமுன் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளை ஒயரால் இணைக்கவேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் தன் பங்குக்கு டைமிங்கைக் கூட்டிக் காட்டும். முன்பு யாரோ ஒயர் போடாமலே 5 என்று வைத்திருக்கிறார்கள். அதாவது எஞ்சின் பல வருடமாகத் தாமதமாக வெடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சரிசெய்த அன்றே வண்டி வேறு வண்டி! கூடவே வால்வ் இடைவெளியை எஞ்சின் சூட்டில் இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. என்று வைத்தேன். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். இவையெல்லாம் அப்கிரேடே இல்லை, தொலைந்ததை மீட்டது. செலவும் சொற்பம்.

மூன்றாம் வருடம் காலையில் ஸ்டார்ட் செய்தால் முன்பக்கம் கடகடவென்று சத்தம். வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை ஆடாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் கைடு தேய்ந்து உடையும் நிலை. இதைத் தள்ளிப்போடக் கூடாது; உடைந்தால் செயின் கவரை அறுத்து, கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும். உலோக முதுகு வைத்த கைடு போட்டேன். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்னால் ஆயில் தேங்கிய குழிக்குள் ஒரு போல்ட் ஒளிந்திருக்கும். அது தெரியாமல் அரை நாள் நெம்பிக்கொண்டிருந்தேன். திறந்தது திறந்தாயிற்று என்று வால்வுகளைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்துவைக்கும் 268 டிகிரி கேம் ஷாஃப்டும் மாற்றினேன். 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் கொஞ்சம் சுறுசுறுப்பு, அவ்வளவுதான். அதற்காக மட்டும் யாரும் எஞ்சினைத் திறக்கவேண்டாம்.

மலையில் கைகொடுத்தது டிஃபரன்ஷியல்தான். 28 அங்குல டயர் இருந்த இடத்தில் முன்னாள் உரிமையாளர் 31 அங்குலம் போட்டிருந்தார். பல் விகிதம் மட்டும் பழைய 4.10; அதாவது டிரைவ் ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. சைக்கிளில் பெரிய சக்கரத்தை மாட்டிவிட்டு அதே பல்லில் மேடு ஏறுவது மாதிரி. முன்னும் பின்னும் 4.88 போட்டேன். ஃபோர் வீல் டிரைவ் என்பதால் இரண்டும் ஒன்றாக இருந்தே ஆகவேண்டும். எல்லாவற்றிலும் அதிகச் செலவு இதற்குத்தான். முதலிலேயே செய்திருக்க வேண்டியதும் இதுதான்.

இப்போது அதே ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 45 நிற்கிறது. சமவெளியில் 75-இல் போனால் எஞ்சின் 3,400 ஆர்பிஎம்மில் கத்துகிறது, பாட்டு கேட்க முடியாது. மைலேஜ் காலனுக்கு 19-இலிருந்து 18 ஆனது. முன்பு குறைத்துக் காட்டிய ஸ்பீடோமீட்டர் இப்போது கூட்டிக் காட்டுகிறது; 60 என்றால் நிஜத்தில் 55. அதை இன்னும் மாற்றவில்லை.