கோதுமைப்புல் சாறு: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

நாகர்கோவிலில் காலை நடை முடித்து வருகிறவர்கள் அருகம்புல், வாழைத்தண்டு வரிசையில் கோதுமைப்புல் சாறும் கேட்கிறார்கள். தாராளமாகக் குடிக்கலாம். கண்ணெதிரே புல்லை அறுத்து, கழுவி, அரைத்துத் தரும் கடையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பே அடித்துப் பாட்டிலில் வைத்த சாறு வேண்டாம். காய்ச்சாத சாறு இந்த வெக்கையில் சீக்கிரம் கெடும்.

நல்ல சாறு அடர்பச்சையாக, லேசான இனிப்போடு இருக்கும். கசப்பு தூக்கலாக இருந்தால் புல் முற்றியது என்று பொருள். ஒரு தடவைக்கு 30 மில்லி போதும். எடுத்த எடுப்பிலேயே முழு டம்ளர் குடித்தால் பலருக்குக் குமட்டும்.

வீட்டில் வளர்ப்பதே மேல். ஓரடிச் சதுரத் தட்டுக்கு 200 கிராம் கோதுமை. இரவு ஊறவைத்து, முளை எட்டிப் பார்த்ததும், அடியில் ஓட்டை போட்ட தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். ரேஷன் கோதுமை முளைத்தால் அதுவே போதும்; மருந்து தடவிய விதைக் கோதுமை கூடவே கூடாது. நம் மாவட்டத்தில் ஆனி மழையும் ஐப்பசி மழையும் பெய்வதால் பூஞ்சைதான் பெரிய தொல்லை. வேரில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை அல்ல: தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் வேர்த்தூவி. மறையாமல், சாம்பல் நிறத்தில் புழுங்கல் வாடையோடு இருந்தால் தட்டு முழுவதையும் கொட்டிவிடுங்கள். 7 முதல் 10 நாளில், சாண் உயரத்துக்குள், இரண்டாம் இலை பிரியும் முன் வேருக்குச் சற்று மேலே அறுக்கலாம். மிக்சியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு அடித்து, துணியில் பிழிய வேண்டும்.

இந்தச் சாற்றின் பச்சையம் உடலில் இரத்தமாகும் என்று சொல்லும் 'பச்சை ரத்தம்' விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பச்சையத்தின் நடுவில் மக்னீசியம், இரத்தத்தின் சிவப்பு நிறப்பொருளான ஹீமோகுளோபினில் இரும்பு. ஒன்று வயிற்றுக்குள் மற்றொன்றாக மாறாது. இரத்தசோகைக்கு மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டு 30 மில்லி சாற்றை நம்புவது ஆபத்து. அன்றாடச் சத்துக்கு முருங்கைக்கீரைத் துவரன் (பொரியல்) மலிவு, வயிறும் நிறையும். 2002இல் வெளியான இஸ்ரேல் ஆய்வில் பெருங்குடல் புண் நோயாளிகள் ஒரு மாதம் தினமும் 100 மில்லி வரை குடித்தபோது இரத்தக்கசிவு குறைந்தது உண்மை. ஆனால் பங்கேற்றவர்கள் 23 பேர்தான். புற்றுநோயையும் சர்க்கரையையும் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கோதுமை ஒவ்வாதவர்களுக்கும் வேண்டாம்: கோதுமை மணியிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இலையில் இல்லாவிட்டாலும், அறுக்கும்போது விதை கலந்துவிடும்.