டைட்டானியம் அச்சு என்று சொல்லி இரும்பைத் தலையில் கட்டிவிட்டார்கள்

அரை மாதச் சம்பளம். ஒரு ஜோடி சைக்கிள் பெடலுக்காகக் கொடுத்தது. அந்தப் பெடல் இப்போது மேசை மேல் கிடக்கிறது, அதன் அச்சில் ஒரு காந்தம் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. எனக்கு அந்த ஓர் ஆதாரம் போதும், விற்ற ஆளுக்குத்தான் போதவில்லையாம்.

வாங்கிய இடம் சைக்கிள் பாகங்கள் விற்கும் ஓர் இணையச் சந்தை. தளம் ஒருவருடையது, உள்ளே கடை போட்டிருப்பவர்கள் பலர். பெயரைப் போட்டால் பதிவைத் தூக்கிவிடுவார்கள், அதனால் போடவில்லை.

எப்படி நம்பினேன் என்று சொல்கிறேன். அந்த ஆள் விஷயம் தெரிந்தவர், அதுதான் கொடுமை. சாட்டில் முதலில் கேட்டதே, "முழங்கால் வலி இருக்கா ப்ரோ?" இருக்கிறது என்றேன். உடனே பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். தட்டைப் பெடலில் எந்தச் செருப்பும் போட்டு மிதிக்கலாம், ஆனால் வேகமாகச் சுற்றும்போது கால் நழுவும். பழைய பந்தய சைக்கிள்களில் முன்பக்கம் கூண்டும் பட்டையும் வைத்துக் காலைக் கட்டினார்கள், ஆனால் அவசரத்துக்குக் காலை எடுக்க முடியாது. கிளிப்லெஸ் பெடலில் ஷூவின் அடியில் கிளீட் என்ற துண்டைத் திருகிவிட்டால் ஸ்பிரிங் அதைக் கவ்வும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். பனிச்சறுக்கு ஷூவைப் பூட்டும் கொக்கியிலிருந்து வந்த யோசனை, 1985-இல் பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றபோது போட்டிருந்தது லுக் நிறுவனத்தின் இந்த வகைப் பெடல்தான் என்றெல்லாம் சொன்னார். அத்தனையும் உண்மை. இவ்வளவு உண்மை பேசுகிற ஆள் ஒரு பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்?

அப்புறம் சொன்னார்: "உங்க முழங்காலுக்குச் சிவப்பு கிளீட் போடுங்க, கால் பக்கவாட்டில 9 டிகிரி அசையும். அடியில மூணு துளை இருக்கிற ஷூ எதுவா இருந்தாலும் பொருந்தும்." டைட்டானியம் அச்சு, மூடிய பேரிங், கிளீட்டும் சேர்த்தே வரும். அங்கேதான் அரை மாதச் சம்பளத்தை அனுப்பினேன்.

வந்தது படத்தில் இருந்த லுக் நிறுவனத்தின் கியோ வகையே இல்லை, ஷிமானோ என்ற இன்னொரு நிறுவனத்தின் எஸ்பிடி-எஸ்எல் வகை மாதிரிப் போலி. ஷூவில் இருக்கும் மூன்று துளைகள் இரண்டு வகைக்கும் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் ஒழுங்காகக் கவ்வாது. நிறக் கணக்கும் வேறு. கியோவில் சிவப்பு என்றால் 9 டிகிரி, சாம்பல் 4.5, கறுப்பு அசையவே அசையாது. ஷிமானோவில் மஞ்சள் 6, நீலம் 2, சிவப்புதான் அசையாதது. ஆக, முழங்கால் வலிக்காரனுக்கு அதிகம் அசையும் என்று சொல்லிக் காலை இறுக்கிப் பூட்டும் கிளீட்டை அனுப்பியிருக்கிறார்கள்! பெட்டியைத் திறந்ததுமே கேட்டேன். "மாட்டிப் பாருங்க ப்ரோ, அப்பத்தான் தெரியும்" என்றார். மாட்டினேன். சுற்றினால் கரகரவென்று சத்தம், கையால் ஆட்டினால் பெடல் ஆடுகிறது. உள்ளே இருப்பது மூடிய பேரிங்கே இல்லை, தனித்தனி பால்ரஸ்.

அதற்குப் பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். "புது கிரீஸ், ஓட்ட ஓட்டச் சரியாகிடும்." ஓட்டினால் பால்ரஸ் இன்னும் தேயும், கிரீஸ் அதைச் சரிசெய்யாது. (தனித்தனி பால்ரஸ் போட்ட பெடல் மட்டம் என்று சொல்லவரவில்லை, நல்ல பெடல்களிலும் அது உண்டு. மூடிய பேரிங் என்று சொல்லிவிட்டு இதை அனுப்பியதுதான் மோசடி.) அடுத்தது: "மாட்டிட்டீங்களே, மாட்டினதைத் திருப்பி எடுக்க முடியாது." மாட்டச் சொன்னதே அவர்! அந்தச் சாட்டைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே கதை மாறியது: இடது பெடலை நான் தப்பான பக்கம் திருகி மரையைக் கெடுத்துவிட்டேனாம்.

இடது பெடலுக்கு எதிர்மரை என்பது எனக்குத் தெரியாதா? மிதிக்கும் எடை அச்சைச் சுற்றிச் சுற்றி அழுத்துவதால் அச்சு கிராங்க் (பெடலை மாட்டும் கை) துளைக்குள் மெல்ல உருளப் பார்க்கும். அந்த உருளல் இரண்டு பக்கமும் இறுக்கும் திசையிலேயே அமைய வேண்டும் என்றுதான் இடப்பக்கம் மட்டும் மரை எதிராக வெட்டப்படுகிறது. மரை கெட்டிருந்தால் பெடல் கிராங்கில் நேராக ஏறியே இருக்காது. மரைப் படத்தையும் அனுப்பினேன். பதில் இல்லை.

தளத்தில் புகார் கொடுத்தால் "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே" என்கிறார்கள். கமிஷன் வாங்கும்போது மட்டும் இடையில் இல்லை போல. காந்தம் ஒட்டும் வீடியோவுக்கு வந்த பதில், "காந்தச் சோதனை எங்கள் கொள்கையில் ஏற்கப்படுவதில்லை." புகாரை மூடிவிட்டார்கள். திறந்தேன், மறுபடியும் மூடினார்கள். அரை மாதச் சம்பளம் அங்கேயே நிற்கிறது.

பெடல் வாங்குபவர்களுக்கு விரிவாக ஒரு வழிகாட்டி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இருக்கிற எரிச்சலில் இப்போதைக்கு இவ்வளவுதான்.

டைட்டானியம் என்று சொன்னால் பெட்டியைத் திறந்ததும் காந்தம் வையுங்கள். ஒட்டினால் பொய். ஒட்டாவிட்டாலும் உடனே நம்பாதீர்கள், சில வகை எவர்சில்வரிலும் ஒட்டாது, எடையும் போடுங்கள்.

"எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால் அப்படியே விலகிவிடுங்கள். கிளீட் நிறத்தை யாராவது சொன்னால் எந்த நிறுவனத்தின் நிறம் என்று கேளுங்கள்.

கிராங்கில் மாட்டும் முன்பே அச்சைக் கையால் சுற்றியும் ஆட்டியும் வீடியோ எடுங்கள். விற்பவர் மாட்டிப் பார்க்கச் சொன்னால் மாட்டாதீர்கள்.

புது கிளீட் என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு பலமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். அரைகுறையாகக் கவ்வும் கிளீட்டோடு சாலையில் இறங்கிவிடாதீர்கள், எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் அது விடும்.