ஒரே ஜிப் ஃபைலுக்குள் இரண்டு லைசன்ஸ்: மூன்று வருட ஆட்-ஆன் அனுபவம்

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளுக்கான ஒரு ஆட்-ஆன், அதாவது துணை நிரல், பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். பிளெண்டரில் மரம், செடி, புல் பரப்பும் அந்தக் கட்டண ஆட்-ஆனை மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம். வேலை என்னவோ அருமை. வில்லாவைச் சுற்றிக் காட்டும் வாக்த்ரூ வீடியோவில் அரை நாள் இழுக்கும் தோட்டம் பத்தே நிமிடத்தில் வந்துவிடும்.

கடுப்பெல்லாம் லைசன்ஸ் மேல்தான். 2002-இல் ஊரெல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் யூரோ போட்டு மீட்டதிலிருந்து பிளெண்டர் ஜிபிஎல்லில் இருக்கிறது, அதாவது யாரும் நிரலைப் பார்த்து, திருத்தி, பகிரலாம் என்ற திறந்த உரிமத்தில். அதன் பைத்தான் ஏபிஐயை (வெளி நிரல்கள் பிளெண்டரோடு பேசும் வழி) வைத்து எழுதி வெளியிடும் ஆட்-ஆனும் ஜிபிஎல்லோடு ஒத்துப்போக வேண்டும் என்பது பிளெண்டர் தரப்பின் நிலை. காசுக்கு விற்கலாம், தப்பே இல்லை. ஆனால் வாங்கியவன் நாலு மெஷினில் போட்டாலும், அடுத்தவனுக்குக் கொடுத்தாலும் தடுக்க முடியாது. எனக்கு வந்த பில்லிலோ 'ஒரு ஆள், ஒரு கணினி' என்று போட்டிருக்கிறது. ஆட்-ஆனின் நிரல் ஃபைலைத் திறந்தால் தலையிலேயே ஜிபிஎல். எதை நம்ப?

அந்த ஜிபிஎல்தான் ஒருமுறை மானத்தையும் காப்பாற்றியது. பிளெண்டர் 4.1-க்கு மாறிய அன்று ஆட்-ஆன் படுத்துவிட்டது. மெஷ்ஷில் (3டி வடிவத்தில்) 'யூஸ்_ஆட்டோ_ஸ்மூத்' என்று ஒன்று இல்லவே இல்லை என்று எரர். பரப்பை வழவழப்பாகக் காட்டும் அந்த அமைப்பை அந்த வெர்ஷனில் தூக்கிவிட்டார்கள். விற்றவருக்கு மெயில் போட்டேன், பதினோரு நாள் சத்தமே இல்லை. நானே ஃபைலைத் திறந்து அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் (#) போட்டு அதைச் செயலிழக்கச் செய்தேன். ஓடியது! பக்கத்து ஸ்டுடியோ தம்பிக்கும் திருத்திய ஃபைலைக் கொடுத்தேன், ஜிபிஎல் முறைப்படியே.

மரங்கள் கதை வேறு. அதே ஜிப்பில் வரும் 3டி மாடல்களுக்கும், அவற்றின் மேல் ஒட்டும் படங்களான டெக்ஸ்சர்களுக்கும் ஜிபிஎல் இல்லை, தனி உரிமம். ரெண்டர் செய்து படமாக எவ்வளவும் விற்கலாம், மாடலை ஃபைலாகக் கைமாற்றக் கூடாது. நியாயம்தான், மாடல் செய்தவரும் பிழைக்க வேண்டாமா? ஆனால் அதை விற்கும்போதே சொல்லாமல் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் டெக்ஸ்ட் ஃபைலாகப் புதைத்திருக்கிறார்கள். போன மாதம் பில்டர் "பிளெண்ட் ஃபைலையும் குடுத்துடுங்க சார்" என்றபோதுதான் அந்த டெக்ஸ்ட் ஃபைலைப் படித்தேன்; பிளெண்ட் ஃபைலைக் கொடுத்தால் மாடல்களும் கூடவே போய்விடும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பத்தொன்பது வகைச் செடியையும் பிடுங்கிவிட்டு, நானே ஒப்பேற்றிய வேம்பையும் செம்பருத்தியையும் நட்டேன். "என்ன சார், எங்க பார்த்தாலும் வேப்பமரமா இருக்கு?" என்றார் பில்டர்.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். "அப்போ நீ அழிச்சுட்டியா?" என்றான். செவ்வாய்க்கிழமை இன்னொரு வில்லா டெலிவரி இருக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான்.