புகை நாட்களில் எதை நம்பி ஜன்னலைத் திறப்பது? முன்னறிவிப்பு, சென்சார், வடிகட்டி: ஓர் ஒப்பீட்டு அலசல்

காட்டுத்தீப் புகை சூழ்ந்த நாட்களில் வீட்டுக்குள் அடைபட்டிருப்பவர்கள் ஒரு நாளில் பத்துத் தடவையாவது கேட்டுக்கொள்ளும் கேள்வி, இப்போது ஜன்னலைத் திறக்கலாமா என்பதுதான். இதற்கு விடை சொல்ல நான்கு வழிகள் உள்ளன: நாளைய காற்றைக் கணித்துச் சொல்லும் முன்னறிவிப்பு, அரசுக் கண்காணிப்பு நிலையத்தின் அளவீடு, வீட்டிலேயே மாட்டிவைக்கும் சிறு சென்சார், நம்முடைய கண்ணும் மூக்கும். இந்த நான்கும் ஒரே நேரத்தில் ஒரே விடையைச் சொல்வது அபூர்வம். திறக்கக் கூடாது என்று முடிவானபின், உள்ளே இருக்கும் காற்றை எதைக் கொண்டு சுத்தம் செய்வது என்பதில் இன்னொரு போட்டி தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்தே அலச வேண்டியிருக்கிறது. தவறான அளவை நம்புகிறவர் நல்ல கருவி வைத்திருந்தும் புகையைச் சுவாசிக்கிறார். அளவு சரியாகத் தெரிந்தும் கருவி போதாதவருக்கு அந்த எண் கவலையை மட்டுமே தருகிறது.

கண்ணை நம்பலாமா என்பதற்கு இரண்டு நாட்களை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். 2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பகலே இருட்டி, வானம் அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. ஆனால் புகையின் பெரும்பகுதி உயரத்திலேயே நின்றது. கீழே படிந்திருந்த குளிர்ந்த கடற்காற்று அதைத் தரைக்கு இறங்கவிடாமல் தடுத்திருந்தது. வானம் அந்த நிறத்தை இழந்த அடுத்தடுத்த நாட்களில்தான் தரைமட்டக் காற்று உண்மையிலேயே மோசமானது. 2023 ஜூன் 7 அன்று, கனடாவின் காட்டுத்தீப் புகை தெற்கே இறங்கியபோது, நியூயார்க் வானமும் அதே ஆரஞ்சு நிறம் கொண்டது. அங்கே புகை தரையிலேயே இருந்தது. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டியது. நிறம் ஒன்று, சுவாசித்த காற்று வேறு. மூக்கும் இதே அளவுக்குத்தான் உதவும். புகை வாசனைக்குக் காரணம் அதிலுள்ள வாயுக்கள். நெடுந்தொலைவு பயணம் செய்து வந்த பழைய புகையில் வாசனை குறைந்துபோயிருக்க, நுரையீரலின் அடிவரை செல்லும் 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்கள் அப்படியே இருக்கலாம். புகைக்குள்ளேயே சிறிது நேரம் இருந்துவிட்டால் மூக்கு அதற்குப் பழகியும் போகிறது. காற்று உலர்ந்திருக்கும் நாளில் தொலைவிலுள்ள மலையோ கட்டடமோ தெரிகிறதா என்று பார்ப்பது ஓரளவு உதவும். ஈரப்பதம் மிகுந்த நாளில் பனிமூட்டமும் புகையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுவதால் அதுவும் கைகொடுக்காது.

முன்னறிவிப்பு எங்கே தவறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது எப்படித் தயாராகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செயற்கைக்கோள்கள் தீ வெளியிடும் வெப்பத்தை அளக்கின்றன. அதிலிருந்து எவ்வளவு புகை எழும் என்று மதிப்பிட்டு, கணினியில் இயங்கும் வானிலை மாதிரியின் காற்றோட்டத்தில் அந்தப் புகையைப் பரவவிட்டுக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா நடத்தும் எச்.ஆர்.ஆர்.ஆர். மாதிரியின் புகைக் கணிப்பு, நிலப்பரப்பை 3 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து 48 மணி நேரம் வரை சொல்கிறது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை உலகம் முழுவதற்கும் 5 நாட்கள் வரை சொல்கிறது; ஆனால் அதன் கட்டம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலமானது. ஒரு பள்ளத்தாக்கும் அதையொட்டிய மேட்டுநிலமும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

இத்தனை கணக்குக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: நாளைய தீ ஏறக்குறைய இன்றைய தீயைப் போலவே எரியும் என்பதே அது. இரவோடு இரவாகத் தீ ஒரு மலைச்சரிவைத் தாண்டினாலும், மழை பெய்து அடங்கினாலும், அந்த அனுமானம் உடைந்துவிடுகிறது. மேகமோ அடர்ந்த புகையோ மறைத்தால் செயற்கைக்கோளால் தீயைச் சரியாகப் பார்க்க முடிவதில்லை. புகை எவ்வளவு உயரத்துக்கு எழுந்தது என்பதில் சிறிது பிசகினாலும், அது போய்ச் சேரும் ஊரே மாறிவிடும். தாழ்வான பகுதிகளில் இரவில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துவிட்டால், புகை காலை வெயில் ஏறும்வரை அங்கேயே தேங்கி நிற்கும். முன்னறிவிப்பைத் தயாரிப்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வானிலையோடு தீயின் போக்கையும் சேர்த்துக் கணிக்க வேண்டிய கடினமான வேலை அது. புகை எந்தத் திசையில் வரும், எந்த நாள் வரும் என்பதை முன்னறிவிப்பு பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு அடர்த்தியாக வரும் என்பதில்தான் தடுமாறுகிறது. ஆகவே, வாரத்தைத் திட்டமிட அதை நம்பலாம். ஜன்னல் கொக்கியில் கை வைக்கும்போது அதை நம்பக் கூடாது.

அரசுக் கண்காணிப்பு நிலையத்தின் கருவி இந்த நான்கிலும் துல்லியமானது. அதன் குறைகள் இரண்டு. முதலாவது, தூரம்: நிலையம் நகரின் ஒரு மூலையில் இருக்க, நம் வீடு குன்றுக்கு மறுபக்கம் இருக்கலாம். இரண்டாவது, சராசரி. காற்றுத் தரக் குறியீடு அடிப்படையில் 24 மணி நேரச் சராசரிக்காக வகுக்கப்பட்டது. புகை மணிக்கு மணி மாறுவதால், அமெரிக்காவில் நவ்காஸ்ட் என்ற முறையில் கடைசி 12 மணி நேரத்தை எடுத்து, காற்று வேகமாக மாறும்போது அண்மை மணிகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிடுகிறார்கள். அப்படியிருந்தும், புகை திடீரென்று வரும்போதும் விலகும்போதும் திரையில் தெரியும் எண் சற்றுப் பின்தங்கியே நிற்கிறது.

இரண்டு செயலிகள் ஒரே ஊருக்கு இரண்டு எண்களைக் காட்டுவதைப் பார்த்து, இரண்டுமே பொய் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பல நேரங்களில் இரண்டும் உண்மையாகவே இருக்கும், அளவுகோல்தான் வேறு. நுண்துகளைப் பொறுத்தவரை அமெரிக்கக் குறியீட்டில் 100 என்பது ஒரு கன மீட்டருக்கு 35.4 மைக்ரோகிராம், இந்தியக் குறியீட்டில் அதே 100 என்பது 60 மைக்ரோகிராம். எனவே குறியீட்டு எண்ணை விட்டுவிட்டு மைக்ரோகிராம் அளவையே பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் எந்தச் செயலியின் வண்ணமும் நம்மைக் குழப்பாது.

சிறு சென்சாருக்கு வருவோம். உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கருவி, உறிஞ்சிய காற்றில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு அளவை ஊகிக்கிறது. புகையில் அது மிகைப்படுத்தியே சொல்லும். திருத்தம் செய்யாத எண் சில வேளைகளில் உண்மையைப்போல் இரு மடங்கை நெருங்கும். பனிமூட்டத்தின் நீர்த்துளியையும் துகளாகக் கருதிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் வனத்துறையும் 2020-இல் தொடங்கிய தீ மற்றும் புகை வரைபடத்தில் பர்ப்பிள் ஏர் என்ற நிறுவனத்தின் சிறு சென்சார்கள் தரும் எண்களை ஈரப்பதத்தையும் கணக்கில் கொண்டு திருத்திய பிறகே சேர்த்தார்கள். இவ்வளவு குறை இருந்தும் ஜன்னலைத் திறக்கும் முடிவுக்கு இந்தச் சென்சாரையே முதலிடத்தில் வைக்கிறேன். காரணம், எனக்கு வேண்டியது சரியான எண் அல்ல; வெளியே அதிகமா, உள்ளே அதிகமா, ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே. ஒரே வகைச் சென்சார் இரண்டை வாங்கி, முதலில் ஒரு நாள் முழுக்க அருகருகே வைத்து இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டு, ஒன்றை வெளியிலும் ஒன்றை உள்ளேயும் மாட்டினால், இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் மிகைப்படுத்துவதால் ஒப்பீட்டில் அந்தப் பிழை பெருமளவு கழிந்துபோகிறது.

ஒரு புகை வாரத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று நாள் முழுவதும் காற்று மோசம் என்றது முன்னறிவிப்பு. பிற்பகல் மூன்று மணி அளவில் திரைச்சீலை ஓரம் இலேசாக அசைந்தது. காற்றின் திசை மாறியிருந்தது. வெளிச் சென்சாரின் எண் நிமிடத்துக்கு நிமிடம் சரியத் தொடங்கியது. நிலையத்தின் இணையப் பக்கமோ இன்னும் சிவப்பிலேயே இருந்தது. கால் மணி நேரம் பொறுத்து, வெளி எண் உள் எண்ணுக்குக் கீழே இறங்கி நிலைத்ததைப் பார்த்த பிறகு எல்லா ஜன்னல்களையும் திறந்தோம். இரண்டு மணி நேரம் வீடு மூச்சு விட்டது. எண் மீண்டும் ஏறத் தொடங்கியதும் மூடிவிட்டோம். முன்னறிவிப்பை மட்டும் நம்பியிருந்தால் அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

இனி காற்றைச் சுத்தம் செய்யும் போட்டி. ஜன்னலை மூடுவது முதல் படிதான். கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், சமையலறைப் புகைபோக்கி வழியாகப் புகை மெல்ல மெல்ல நுழைந்துகொண்டே இருப்பதால், சில மணி நேரத்தில் உள்ளும் கெட்டுவிடும். உள்ளே வரும் துகளைவிட வேகமாக வெளியேற்ற ஒரு வடிகட்டி தேவை. இங்கே பலரும் செய்யும் தவறு, வடிகட்டியின் தரத்தை மட்டும் பார்த்து, அதன் வழியே எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதைப் பார்க்காமல் விடுவது. ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கிறது. மெர்வ் என்ற தர அளவில் 13-ஆம் நிலையில் உள்ள மெர்வ் 13 வடிகட்டி 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகள்களில் குறைந்தது பாதியைப் பிடிக்கிறது. தாளில் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் நிமிடத்துக்கு 100 கன அடி காற்றை மட்டும் இழுக்கும் சிறிய ஹெப்பா கருவி 100 கன அடி சுத்தமான காற்றைத் தரும்போது, நிமிடத்துக்கு 400 கன அடியை மெர்வ் 13 வழியே இழுக்கும் மின்விசிறி, பாதியைத்தான் பிடிக்கிறது என்றாலும், 200 கன அடிக்குச் சமமான பலனைத் தருகிறது. அதனால்தான் ஏர் பியூரிஃபையர் பெட்டியின் மேல் சி.ஏ.டி.ஆர். என்று அச்சிட்டிருக்கும் எண்ணை, அதாவது கருவி நிமிடத்துக்கு எத்தனை கன அடி சுத்தமான காற்றைத் தருகிறது என்பதை, தேட வேண்டும். அந்த எண், சதுர அடிக் கணக்கில் அறைப் பரப்பின் மூன்றில் இரண்டு பங்காக இருந்தால் சாதாரண நாட்களுக்குப் போதும். காட்டுத்தீப் புகைக்கு அறை எத்தனை சதுர அடியோ அத்தனை சி.ஏ.டி.ஆர். வேண்டும். 150 சதுர அடி அறையில், கூரை 8 அடி உயரம் என்றால், 150 சி.ஏ.டி.ஆர். உள்ள கருவி ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று முழுவதையும் ஏழரை முறை சுத்தம் செய்யும். இந்த எண் உச்ச வேகத்துக்கு உரியது என்பதை மறக்கக் கூடாது; சத்தம் தாங்காமல் இரவில் வேகத்தைக் குறைத்தால் பலனும் குறையும். ஆகையால் அறைக்குச் சற்றுப் பெரிய கருவியை வாங்கி நடுத்தர வேகத்தில் ஓடவிடுவதே நல்லது.

ஹெப்பா கருவிக்கு நேரடிப் போட்டி, 2020-இல் காற்றுத் தர ஆய்வாளர் ரிச்சர்ட் கோர்சியும் வடிகட்டி நிறுவனம் நடத்தும் ஜிம் ரோசென்தாலும் அறிமுகப்படுத்திய, அவர்கள் பெயராலேயே அழைக்கப்படும் பெட்டி. 20 அங்குல மெர்வ் 13 வடிகட்டிகள் நான்கை நிறுத்திச் சதுரமாக ஒட்டி, அடியில் அட்டை வைத்து, மேலே காற்றை மேல்நோக்கித் தள்ளும், சதுரச் சட்டத்துக்குள் அமைந்த பெட்டி மின்விசிறியை அமர்த்துகிறோம். வடிகட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி உள்நோக்கி இருக்க வேண்டும். மின்விசிறியின் நான்கு மூலைகளிலும் காற்று திரும்பி உறிஞ்சப்படுவதால், நடுவில் வட்டமாக வெட்டிய அட்டையை மேலே ஒட்டினால் ஓட்டம் கூடும். ஒட்டும் பட்டையில் சிறு இடைவெளி விட்டாலும் காற்று வடிகட்டியைத் தவிர்த்து அந்த வழியாகவே போகும். விளிம்புகளை விரலால் அழுத்தித் தடவிச் சரிபார்ப்பது அவசியம். விலை குறைவு, ஓட்டம் அதிகம். இடத்தை அடைப்பதும் இரைச்சலும் இதன் குறைகள். 2012-க்கு முந்தைய பழைய மின்விசிறியானால் கண்காணிப்பின்றியோ தூங்கும்போதோ ஓடவிடக் கூடாது. என் தீர்ப்பு: படுக்கையறைக்கு ஹெப்பா, பகலில் எல்லோரும் கூடும் கூடத்துக்குப் பெட்டி. ஒன்றுதான் முடியும் என்றால், ஓர் அறையை மட்டும் தேர்ந்து அடைத்து, முதியவரையும் குழந்தையையும் அங்கே உறங்கவைக்க வேண்டும். வீடு முழுவதற்கும் அரைகுறையாகச் செய்வதைவிட ஓர் அறைக்கு முழுமையாகச் செய்வது மேல்.

வீடு முழுவதற்குமான ஏசி இருந்தால், இயந்திரம் தாங்குமானால் மெர்வ் 13 வடிகட்டி போட்டு, வெளிக்காற்று நுழையும் வழியை அடைத்து, விசிறியைத் தொடர்ந்து ஓடவிடலாம். ஒற்றைக் குழாயுள்ள நகர்த்தும் ஏசி உள்காற்றை வெளியே தள்ளி, அந்த இடத்துக்குப் புகைக் காற்றை இடுக்குகள் வழியே இழுக்கும். நீர் ஆவியாதலால் குளிர்விக்கும் கூலரும் வெளிக்காற்றையே இழுக்கிறது. ஓசோன் வெளியிடும் கருவியை எக்காரணம் கொண்டும் வாங்கக் கூடாது. ஓசோனே நுரையீரலுக்குக் கேடு. கடும் வெயிலும் புகையும் சேர்ந்து வந்து, குளிர்விக்க வழியும் இல்லாத வீட்டில் ஜன்னலை அடைத்து முதியவரை உட்காரவைப்பது புகையைவிட உடனடியான ஆபத்து. அப்போது அவரைக் குளிரூட்டப்பட்ட வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வழியில் முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 முகக்கவசம் அணியட்டும், துணி முகக்கவசத்தால் பயனில்லை.

புகை விலகியபின் ஜன்னலைத் திறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சுவர், தரை, துணிமணிகளில் ஒட்டிய புகை ஆவிகள் நாட்கணக்கில் மெல்லக் கசியும் என்றும், பரப்புகளைத் துடைத்துக் கழுவுவதே அவற்றைக் குறைக்க உதவும் என்றும் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே வேளையில் வடிகட்டியையும் பார்த்துவிட வேண்டும். வெள்ளையாக வாங்கியது சாம்பல் படிந்த பழுப்பாகி, முகர்ந்தால் கரி வாசம் அடிக்கும். அதை மாற்றியாக வேண்டும். ஊர் முழுவதும் வடிகட்டி தேடும் நாளில் அது கிடைக்காது. புகை சில நாட்களில் வரப்போகிறது என்று முன்னறிவிப்பு சொல்லும் நாள்தான் அதை வாங்கிவைக்க வேண்டிய நாள். அது சொன்ன மணி தவறினாலும் வாங்கிய வடிகட்டி வீணாகாது.