அம்மம்மாவுக்கு வாங்கின வசனக் கலண்டர்

யாழ்ப்பாணம் பிரதான வீதிப் பக்கம் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். தாள் சரியான மெல்லிசு, ஒன்றைக் கிழித்தால் மூன்று சேர்ந்து வருகிறது, அம்மம்மாவுக்கு அதுவே புதுக் கவலை. எழுத்து நல்ல பெரிது, கண்ணாடி போடாமலே வாசிக்கிறார்.

என் குறை வேறு. கவலைகளை எல்லாம் கடவுள்மேல் வைத்துவிடச் சொல்லும் வேதாகம வசனமான 1 பேதுரு 5:7ஐ மட்டும் அட்டையில் போட்டுவிட்டு, அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருக்கச் சொல்லும் 6ஆம் வசனத்தை விட்டுவிட்டார்கள். கிரேக்க மூலத்தில் இரண்டும் ஒரே வாக்கியம், கவலையை ஒப்படைப்பதும் தாழ்மையோடு சேர்ந்ததாகத்தான் அங்கே வருகிறது. சரி, 6ஐ நானே பேனையால் எழுதி ஒட்டிவிட்டேன். தடித்த தாளில் அடித்தால் அடுத்த வருடமும் வாங்கலாம்.