சிப் செய்து தரும் பட்டறையில் இரண்டு ஆர்டர்

சிங்கப்பூரில் ஒரு புற்றுநோய் ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒன்பது வருடமாகிறது. போன வருடம் வரை எங்களுக்கு வேண்டிய மைக்ரோஃப்ளூயிடிக் சிப்புகளை, அதாவது மெல்லிய வாய்க்கால்களில் திரவத்தை ஓட்டும் சின்ன ரப்பர்த் துண்டுகளை, நாங்களேதான் செய்துகொண்டோம். அச்சு எடுப்பதில் கைதேர்ந்த மாணவர் படிப்பு முடிந்து ஊருக்குப் போனதும் அந்த வேலை நின்றது. வெளியே கொடுத்துச் செய்வோம் என்று ஒரு பட்டறையைப் பிடித்தேன். வரைபடத்தை அனுப்பினால் அச்சும் சிப்பும் கூரியரில் வரும். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே சேவை பல நாடுகளில் கிடைக்கிறது, எங்கே கொடுத்தாலும் கவனிக்க வேண்டியவை ஒன்றுதான்.

இரண்டு ஆர்டர் கொடுத்தேன். ஒன்று ரத்தத்திலிருந்து செல்களைப் பிரிக்கும் சுருள் சிப். மற்றொன்று செல்களை வளர்த்து மருந்து கொடுத்துப் பார்க்கும் சிப். முதலாவதுக்கு இந்தப் பட்டறையைத் தயங்காமல் சொல்வேன். இரண்டாவதில் ஒரு மாதம் வீணானது.

முதலில் சுருள் சிப். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் சுமார் 500 கோடி. வெள்ளையணுக்கள் லட்சக்கணக்கில் இருக்கும். புற்றுநோய்க் கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் அலையும் செல்களோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும், பல நேரம் ஒன்றுகூட இருக்காது. அந்தச் சிலதைப் பிடிக்கத்தான் இந்தச் சிப். அவை பொதுவாக மற்ற ரத்த செல்களைவிடப் பெரியவை என்பதை வைத்துப் பிரிக்கிறது. வளைந்த வாய்க்காலில் திரவம் வேகமாக ஓடும்போது குறுக்குவாட்டில் இரண்டு சுழல்கள் உண்டாகும். 1920களில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய டீன் என்பவரின் பெயரில் டீன் சுழல் என்கிறோம். பெரிய செல்லை ஓட்டத்தின் அழுத்தம் உட்சுவர்ப் பக்கமாக நிறுத்திவைக்கும். சின்ன செல்லைச் சுழல் இழுத்துக்கொண்டு போய் வெளிச்சுவர்ப் பக்கம் விடும். முடிவில் வாய்க்கால் இரண்டாகப் பிரிகிறது, இரண்டு டியூபில் இரண்டையும் பிடிக்கலாம். வடிகட்டியும் வேண்டாம், செல்லில் ஆன்டிபாடி ஒட்டவும் வேண்டாம். இதை நோயாளிகளின் ரத்தத்தில் செய்துகாட்டிய 2013ஆம் ஆண்டுக் கட்டுரையில் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் இங்கே இந்தச் சிப் மேல் எல்லோருக்கும் ஒரு தனிப் பிரியம்.

நாங்கள் கேட்டது 500 மைக்ரான் அகலம், 160 மைக்ரான் உயரம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அச்சும், அதில் வார்த்த பத்து சிப்பும் சேர்த்து 900 சிங்கப்பூர் வெள்ளி. சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. பொட்டலத்தைப் பிரித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. ஒவ்வொரு சிப்பையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, மேலே டேப் ஒட்டி, தூசி படாமல் அனுப்பியிருந்தார்கள். குழாய் செருகும் துளைகளை அவர்களே போட்டிருந்தார்கள். சிப் செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். துளை போடும்போது நறுக்கிய ரப்பர்த் துணுக்கு ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டால் போதும், அது வாய்க்காலின் வாயில் போய் உட்காரும், ஓட்டம் ஒருபக்கமாகத் திரும்பிவிடும். பத்து சிப்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றில்கூடத் துணுக்கு இல்லை. துளையின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது, புது பஞ்ச் போட்டு வெட்டியிருக்கிறார்கள். கண்ணாடித் தகட்டோடு ஒட்டியதும் சுத்தம். மூலையில் கத்தி முனையை விட்டு நெம்பிப் பார்த்தால் ரப்பர் கிழிகிறதே தவிர ஒட்டு விடவில்லை. மின்னேற்றிய வாயுவான பிளாஸ்மாவைப் பட வைத்து ஒட்டும் ஒட்டு நன்றாக அமைந்ததற்கு அதுதான் அடையாளம்.

ஆனால் பீட்ஸ் ஓட்டியபோது ஏதோ சரியில்லை. நோயாளியின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன்னால் 6 மைக்ரான், 15 மைக்ரான் ஒளிரும் பிளாஸ்டிக் மணிகளை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். 15 மைக்ரான் மணிகள் உட்சுவரை ஒட்டி ஒரே பச்சைக் கோடாகப் போக வேண்டும். கோடு வந்தது, ஆனால் ஓரம் மங்கலாக, நீர் விட்ட மையெழுத்துபோல் இருந்தது. பம்பின் வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், சிரிஞ்சை மாற்றினேன். எதற்கும் கோடு இறுகவில்லை.

அப்புறம் ஒரு சிப்பைப் பலி கொடுத்தேன். புது பிளேடால் சுருளுக்குக் குறுக்கே ஒரே அழுத்தில் வெட்டி, வெட்டுமுகம் மேலே தெரியும்படி நிற்கவைத்து, மைக்ரோஸ்கோப்பில் அளந்தேன். 178 மைக்ரான். கேட்டதைவிட 18 அதிகம். கேட்பவருக்கு அற்ப வித்தியாசமாகத் தோன்றும். செல் கோட்டில் நிற்க, அதன் விட்டம் வாய்க்கால் உயரத்தில் ஏழு சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. 160க்கு அது 11.2 மைக்ரான். 178க்கு ஏறக்குறைய 12.5. அப்படியானால் 12 மைக்ரான் அளவுள்ள புற்றுநோய்ச் செல் ஒன்று வந்தால், அது வெள்ளையணுக்களோடு சேர்ந்து கழிவு டியூபுக்குப் போயிருக்கும். கீமோ வார்டில் ஒருவர் கையை நீட்டிக் கொடுத்த ரத்தம் அது. தவறிப்போனால் இன்னொரு டியூப் கொடுங்கள் என்று போய்க் கேட்க எனக்கு வாய் வராது.

வெட்டுமுகத்தின் படத்தை அளவுகோலோடு அனுப்பினேன். முதல் பதிலில், பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று ஆர்டர் படிவத்தின் அடியில் போட்டிருப்பதாக எழுதினார்கள். பார்த்தேன், பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்தது. 178 அந்தப் பத்தையும் தாண்டுகிறது என்று கணக்கை எழுதி அனுப்பியதும், மறுநாளே ஒப்புக்கொண்டு காரணமும் சொன்னார்கள். அச்சுக்கான எஸ்யூ-8 பிசினை வேஃபர் என்ற வட்டத் தகட்டின் மேல் ஊற்றிச் சுழற்றித்தான் பரப்புவார்கள். இத்தனை தடிமனுக்கு ஊற்றும்போது அது ஓரத்தில் மேடு கட்டும். எங்கள் சுருள் வேஃபரின் ஓரத்தில் விழுந்திருந்தது. புது அச்சில் அதை நடுவில் வைத்து, காசு வாங்காமல், மூன்று வாரத்தில் அனுப்பினார்கள். அதிலும் ஒன்றை வெட்டி அளந்தேன். 162. பச்சைக் கோடு கம்பி இழுத்ததுபோல் உட்சுவரில் போய் நின்றது. அன்றைக்கு நெடுநேரம் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்க மனசில்லை.

இப்போது ரத்தத்தைச் சிவப்பணு உடைத்து, நிமிடத்துக்கு 100 மைக்ரோலிட்டர் வேகத்தில் விடுகிறோம். பக்கத்து வாயில் வெறும் பஃபரை (செல்கள் இல்லாத உப்புக் கரைசல்) அதைவிடப் பல மடங்கு வேகத்தில் விடுகிறோம். ஒரே சிப்பை வரிசையாக நாலு மாதிரிக்குப் பயன்படுத்திப் பார்த்தேன், கசிவு இல்லை. அளவுத் தவறைத் திருத்திய விதத்துக்கே இந்தப் பட்டறைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

இனி வளர்ப்புச் சிப். 1 மில்லிமீட்டர் அகலம், 100 மைக்ரான் உயரம், 2 சென்டிமீட்டர் நீளம். இதுவும் சுருள் சிப்பைப்போல் அதே பி.டி.எம்.எஸ் என்ற சிலிகான் ரப்பரில்தான். அளவு இந்த முறை கச்சிதம். எம்.சி.எஃப்-7 மார்பகப் புற்றுநோய்ச் செல்களை அதில் வளர்த்து, டமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது திட்டம். ஒப்பிட அதே செல்களை வழக்கமான வளர்ப்புப் பிளேட்டிலும் வைத்தோம். இந்த ரப்பரில் ஆக்சிஜன் தாராளமாகப் புகும், செல்கள் மூச்சுத் திணறாமல் வளரும். செல் ஒட்டிக்கொள்ள உதவும் ஃபைப்ரோநெக்டின் புரதத்தைப் பூசி விதைத்த செல்கள் மறுநாளே கால் விரித்துப் படர்ந்துவிட்டன. வாய்க்காலில் நிற்கும் மீடியம் (செல்களுக்கான ஊட்டத் திரவம்) மொத்தமே 2 மைக்ரோலிட்டர், கண்ணில் ததும்பும் ஒரு துளியைவிடக் குறைவு. காற்று புகும் ரப்பரில் நீராவியும் வெளியேறும் என்பதால், ஈர டிஷ்யூ வைத்த பெட்ரி டிஷ்ஷுக்குள் வைத்து மூடினோம். அதுவரை எல்லாம் ஒழுங்கு.

எங்கள் ஆய்வகத்தில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி பிஎச்.டி செய்கிறாள். மருந்து கொடுத்த மூன்றாம் நாள் காலையில் என் மேசைக்கு வந்து நின்றாள். "அண்ணா, பிளேட்ல எல்லாம் செத்துக் கிடக்கு. சிப்ல ஒண்ணுமே ஆகலை. ஒரே பாட்டில் மருந்துதான்" என்றாள். முகம் வாடியிருந்தது. தான்தான் கலக்கியதில் தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மறுபடி செய்தாள், அதே கதை. மூன்றாம் முறையும் அதே. பம்பை அளந்தோம், டியூபை மாற்றினோம். அவள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தன் நோட்டுப் புத்தகத்தையே திருப்பிக்கொண்டிருந்தாள்.

ரப்பர்தான் மருந்தைக் குடித்துக்கொண்டிருந்தது. எண்ணெயில் கரையும் சின்ன மூலக்கூறுகள் பலவற்றை பி.டி.எம்.எஸ் தனக்குள் இழுத்துக்கொள்ளும், டமாக்சிஃபென் அந்த ரகம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2006இலேயே, அதேபோல் எண்ணெயில் கரைந்து ஒளிரும் நைல் ரெட் சாயத்தை வைத்து இதைக் காட்டியிருக்கிறார்கள். நாங்களும் அதையே செய்தோம். வாய்க்காலில் நைல் ரெட் விட்டு, கழுவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், வாய்க்கால் இருட்டாக, அதன் இரண்டு கரைகளும் சிவப்பாக எரிந்தன. கழுவக் கழுவ அந்தச் சிவப்பு போகவில்லை. அந்தப் பெண் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப என் மேல தப்பில்லைல்ல அண்ணா" என்று மட்டும் கேட்டாள்.

இதில் பட்டறை மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம். அவர்கள் பட்டியலில் இந்தச் சிப்புக்கு நேரே "செல் வளர்ப்புக்கும் மருந்துப் பரிசோதனைக்கும் உகந்தது" என்று போட்டிருக்கிறது. வளர்ப்புக்குச் சரி. மருந்துக்கு, எந்த மருந்து என்று கேட்காமல் அப்படிப் போடக்கூடாது. படிவத்தில் வாய்க்காலின் அகலம், உயரம், துளையின் விட்டம் எல்லாம் கேட்கிறார்கள். உள்ளே என்ன விடப் போகிறீர்கள் என்று ஒரு வரி கேட்டிருந்தால் அந்த மாதம் மிஞ்சியிருக்கும். நானும் இத்தனை வருடம் இந்த ரப்பரோடு இருந்துகொண்டு முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். ஆனால் புதிதாக வரும் மாணவர்கள் அந்தப் பட்டியலை நம்பித்தான் ஆர்டர் போடுகிறார்கள். இதை எழுதி அனுப்பினேன். நன்றி சொன்னார்கள். இதை எழுதும் இன்றைக்கும் அந்த வரி பட்டியலில் அப்படியே இருக்கிறது.

கேட்டபோது, அதே வடிவத்தை சி.ஓ.சி பிளாஸ்டிக்கில் கடைந்து தருவதாகச் சொன்னார்கள். ஒரு சிப்புக்கு ரப்பரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விலை. அது இந்த மாதிரி மருந்துகளை மிகக் குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் காற்றும் எளிதில் புகாது. ஆக்சிஜன் மீடியத்தோடுதான் வர வேண்டும், அதனால் பம்பை நிறுத்தவே முடியாது. ஓட்டத்தை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது, அகலமான வாய்க்காலில் செல் மேல் படும் உரசல் உயரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகப் போகும். உயரம் பாதியானால் அதே ஓட்டத்துக்கு உரசல் நாலு மடங்கு. அதனால் உயரத்தை 200 மைக்ரானாக்கி வரைந்துகொடுத்தோம். வந்த ஐந்து சிப்பில் ஒன்றில் கடைந்த கோடுகள் கண்ணுக்கே தெரிந்தன, செல்கள் அந்தக் கோட்டு வழியே நீண்டு வளர்ந்தன. மற்ற நாலும் நன்றாக இருந்தன. டமாக்சிஃபென் கொடுத்த மூன்றாம் நாள் சிப்பிலும் பிளேட்டிலும் ஒரே விதமாகச் செல்கள் செத்தன. ஒரு ஆய்வகத்தில் செல் செத்ததற்கு அத்தனை பேர் சந்தோஷப்பட்டதை நான் பார்த்ததில்லை.

போன வாரம் அதே பட்டறையில் மறுபடி ஆர்டர் போட்டேன். ரப்பரில் சுருள் சிப் பன்னிரண்டு, பத்து ஓட்டுவதற்கு, இரண்டு வெட்டிப் பார்ப்பதற்கு. சி.ஓ.சி வளர்ப்புச் சிப் ஆறு. படிவத்தின் குறிப்புக் கட்டத்தில், சுருள் வேஃபரின் நடுவில் இருக்க வேண்டும் என்றும், உயரத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் திருப்பி அனுப்புவோம் என்றும் எழுதியிருக்கிறேன். ஒப்புக்கொண்டு பதில் வந்திருக்கிறது.