பழைய பல்சருக்குப் பற்றரி: திருகோணமலையில் வாங்கிய கடையும் வாங்கிய சாமானும்

திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் பற்றரி விற்காத கடையைத்தான் தேட வேண்டும். ரயர்க் கடையில் இருக்கும், உதிரிப்பாகக் கடையில் இருக்கும், வண்டி கழுவுகிற இடத்தில்கூட அலுமாரிக்கு மேல் இரண்டு பெட்டி இருக்கும். ஆனால் விற்பதற்கு முன் வண்டியில் மீற்றர் வைத்துப் பார்க்கிற கடை குறைவு. அப்படி ஒன்று மடத்தடிப் பக்கம் இருக்கிறது. பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி, இருக்கிற வேலையே முடியல்ல" என்று விட்டார். அதனால் கடை நானா என்றே எழுதுகிறேன்.

என்னுடையது 2007ஆம் ஆண்டுப் பல்சர் 150. தொழில் கல்யாணப் படம் எடுப்பது. உப்புவெளி மண்டபங்களிலும் நிலாவெளி ஹோட்டல்களிலும் கிண்ணியாப் பக்க வீடுகளிலும் வேலை முடிந்து வெளியே வர இரவு பதினொன்றாகும். முதுகில் கமராப் பை, பின் சீற்றில் லைற் ஸ்ராண்ட். இந்தக் கோலத்தில் கிக்கரை உதைத்துக்கொண்டு நிற்க எனக்கு வயதில்லை. புது வண்டி எடுக்கச் சொல்லி வீட்டில் ஒரே நச்சரிப்பு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பல்சரே தங்க விலைக்குப் போனது. 2025இல் திறந்தார்கள்தான், வரியெல்லாம் சேர்ந்த விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்தேன். ஆகவே பற்றரி.

கோளாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். செல்ப் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. சிக்னல் போட்டால் லைற் மினுங்காமல் மங்கலாக எரிந்துகொண்டு நிற்கும். ஹோர்ன் அடித்தால் சளி பிடித்த ஆட்டுக்குட்டி கத்துவது போல இருக்கும்.

முதலில் போனது வேறொரு கடை. பெயர் தேவையில்லை. வண்டியைப் பார்க்கவே இல்லை, பல்சர் என்றதும் உள்ளே போய் ஒரு சின்னப் பற்றரியைக் கொண்டு வந்தார் பொடியன். 5 ஏ.எச் (அம்பியர்-மணி, பற்றரி எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்கிற அளவு). பழையது 9 ஏ.எச் ஆயிற்றே என்றேன். "இப்ப வாற வண்டி எல்லாத்துக்கும் இதுதான் அண்ணை, மிச்ச இடத்துக்கு ரெஜிபோம் வைப்பம்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. இப்போது வரும் சில வண்டிகளில் சின்னப் பற்றரிதான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டிகளின் ஸ்ராட்டரும் சார்ஜ் சிஸ்டமும் அதற்கென்றே செய்தவை. என் வண்டியின் பெட்டி 9 ஏ.எச் பற்றரிக்கு அளவெடுத்துச் செய்தது: 135 மில்லிமீற்றர் நீளம், 75 அகலம், 139 உயரம். அதில் பாதியை ரெஜிபோம் நிரப்பினால், காலையில் இரண்டு தரம் ஸ்ராட் பிடிக்காமல் போனாலே மூன்றாம் தரத்துக்குச் சக்தி இருக்காது. விலை குறைவு என்பது மட்டும்தான் அதில் நல்லது. பெரியதாகப் போடுவதும் உதவாது. பெட்டிக்குள் இறங்காது என்பது ஒரு பக்கம், வண்டி தரும் சார்ஜ் அதேதான் என்பது இன்னொரு பக்கம்.

நானா கடையில் முதல் நடந்தது வியாபாரமே இல்லை. பக்க மூடியைக் கழற்றி மீற்றரை வைத்தார். 10.4 வோல்ற். "ஒரு செல் மௌத்து தம்பி" என்றார். பன்னிரண்டு வோல்ற் பற்றரிக்குள் ஆறு செல். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ற்றும் சொச்சமும். நன்றாகச் சார்ஜ் ஏறிய பற்றரி வண்டி நிற்கும்போது 12.6இலிருந்து 12.8 வரை காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது, 11.8க்குக் கீழே என்றால் காலி. இறங்கிய பற்றரியைச் சார்ஜ் பண்ணிப் பார்க்கலாம். ஆனால் சார்ஜ் போட்டு எடுத்த பிறகும் 10.5ஐச் சுற்றியே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது, அதற்கு வைத்தியம் இல்லை. என்னுடையதை முதல் நாள் இரவு முழுக்கச் சார்ஜில் போட்டிருந்தேன். ஆகவே கணக்குத் தீர்ந்தது.

புதுசை எடுத்துத் தருவார் என்று பார்த்தால், கடையில் சோதனைக்கென்று வைத்திருக்கும் ஒரு நல்ல பற்றரியை வயரில் தொடுத்து வண்டியை ஸ்ராட் பண்ணினார். அக்சிலேற்றரைக் கொஞ்சம் முறுக்கி நாலாயிரம் ஆர்.பி.எம்.மில் பிடிக்கச் சொன்னார். மீற்றர் 14.3. இது 13.5க்கும் 14.8க்கும் இடையில் நின்றால் நல்லது. பதின்மூன்றுக்கு ஏறவே இல்லையென்றால் சார்ஜ் கொயிலோ ரெகுலேற்றரோ கெட்டிருக்கிறது, பற்றரி மாற்றியும் பயனில்லை. பதினைந்தைத் தாண்டினால் ரெகுலேற்றர் புதுப் பற்றரியைக் கொதிக்க வைத்தே கொன்றுவிடும். பழைய வண்டிக்காரர்கள் "எந்தப் பற்றரி போட்டாலும் ஒரு வருசம் நிக்குதில்லை" என்று பிராண்டைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்து பார்த்தார்களோ தெரியாது.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்குப் பெரிய விசயம். திறப்பை எடுத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் பற்றரிக்கும் நடுவில் மீற்றரை வைத்தார். எதுவும் ஓடாத வண்டி கிட்டத்தட்ட 20 மில்லி அம்பியர் குடித்துக்கொண்டிருந்தது. பழைய சொந்தக்காரர் பூட்டிய ரிமோட் அலாரம்! ரிமோட் எங்கே என்றே எனக்குத் தெரியாது. 20 மில்லி அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.48 ஏ.எச். ஒன்பது ஏ.எச் பற்றரி மூன்று வாரத்துக்குள் முழுக்க வடிந்துவிடும், செல்ப் அடிக்காத நிலைக்கு அதற்கு முதலே வந்துவிடும். தினமும் ஓடுகிறவருக்கு இது தெரிய வராது. எனக்கோ ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை, வண்டி தாழ்வாரத்தில் நிற்கும். காலியாகிக் கிடக்கும் பற்றரியில் ஈயத் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் ஏறாது. 2022இல் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல் என்று கியூ.ஆர். அட்டை தந்த நாட்களில் இந்த ஊரில் செத்த பற்றரிகளில் அரைவாசி இப்படித்தான் செத்திருக்கும். அலாரத்தின் வயரை அங்கேயே வெட்டிவிட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.

சரி, எதை வாங்குவது? அசிட் ஊற்றுகிற வகையும் இருந்தது, சீல் வகையும் இருந்தது. வண்டியோடு வந்தது அசிட் வகை. ஆறு மூடி, மேல் கோடு, கீழ்க் கோடு, பக்கத்தில் ஒரு ரப்பர்க் குழாய். ஒழுங்காகப் பார்த்தால் அதற்கும் குறை சொல்ல முடியாது, விலையும் இரண்டாயிரத்துச் சொச்சம் குறைவு. ஆனால் நம் ஊர் வெயிலில் தண்ணீர் வற்றும் வேகம் தெரியும்தானே. காய்ச்சி வடித்த தண்ணீர்தான் விட வேண்டும். கேத்திலில் கொதிக்க வைத்து ஆற்றிய கிணற்றுத் தண்ணீர் போதும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். கொதித்தால் கிருமிதான் சாகும், கல்லும் உப்பும் அப்படியே இருக்கும். அதற்குக் கன்னியா வெந்நீர் ஊற்றில் நேரே ஒரு போத்தல் பிடித்து வந்தால் விறகாவது மிச்சம். இன்னொன்று அந்த ரப்பர்க் குழாய். அதைச் செயினுக்கும் சைலன்சருக்கும் விலகிக் கீழே தொங்க விட வேண்டும், இல்லாவிட்டால் வழியும் அசிட் இரும்பைத் தின்னும். என் வண்டியின் பின் சில்லைப் பிடிக்கும் இரும்புக் கையில் பெயின்ற் போய்த் துருப்பிடித்த இடம் அதற்குச் சாட்சி.

அசிட் வகை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். அசிட் ஊற்றிய உடனே பூட்டித் தருவது அரைகுறை வேலை. ஊற்றி, தகடுகள் ஊற விட்டு, பிறகு பத்தில் ஒரு பங்கு அம்பியரில், அதாவது 9 ஏ.எச்.சுக்கு 0.9 அம்பியரில், சில மணி நேரம் சார்ஜ் பண்ண வேண்டும். ஊற்றி மட்டும் தந்தால் முக்கால்வாசிச் சார்ஜோடுதான் வீட்டுக்கு வரும். "பின்னேரம் வந்து எடுங்க" என்கிற கடைக்காரரோடு கோபிக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் தருகிறவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

யு.பி.எஸ். பற்றரி போடலாமா என்று நானும் கேட்டேன். 12 வோல்ற் 7 ஏ.எச், வீட்டிலேயே ஒன்று சும்மா கிடக்கிறது. நானா சிரித்தார். அதன் முனைகளில் இருப்பது மெல்லிய தகட்டு நாக்கு, ஸ்ராட்டர் இழுக்கும் கரண்டை அது தாங்காது. செல்ப் இல்லாத பழைய கிக் வண்டிக்குச் சிக்னலும் ஹோர்னும் வேலை செய்தால் போதும் என்றால் ஓடுமாம், அதுவும் பெட்டிக்குள் இறங்கினால். லித்தியம் என்ற பேச்சை நானே எடுக்கவில்லை. பழைய ரெகுலேற்றரை நம்பி அவ்வளவு காசு போட முடியாது.

கடைசியில் எடுத்தது அமரோன் சீல் வகை, 9 ஏ.எச், அதே 135 – 75 – 139 அளவு. பிளஸ் முனை பழையதில் இருந்த பக்கத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், மாறியிருந்தால் வயர் எட்டாது. கடையில் இரண்டு பெட்டி இருந்தன. சீல் வகை தொழிற்சாலையிலேயே அசிட்டோடு வருவதால் ராக்கையில் இருக்க இருக்கத் தானாக இறங்கும், நம் ஊர்ச் சூட்டில் இன்னும் வேகமாக. இரண்டிலும் மீற்றர் வைக்கச் சொன்னேன். ஒன்று 12.4, மற்றது 12.8. அடியில் அடித்திருந்த மாதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கியது, முதலாவது பல மாதம் மூத்தது. அதே பெயர், அதே விலை. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பற்றரியின் ஆயுள் விசயத்தில் பிராண்டுக்குக் கொடுக்கிற மரியாதையை இந்தத் திகதிக்கும் கொடுக்கலாம்.

பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் பிறகு, கழற்றும்போது மைனஸ் முதலில். சாவி வழுக்கிச் சட்டத்தில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்க அந்த ஒழுங்கு. பூட்டி முடித்து முனைகளில் வாசலின் பூசினார். கடற்காற்றுப் படும் வீட்டுக்காரர்கள் இதை விடவே கூடாது. டச்பே பக்கம் இருக்கும் என் மச்சானின் ஸ்கூட்டரில் முனையே தெரியாத அளவுக்குப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது.

ஒரு மாரியும் ஓர் ஆடியும் கழிந்துவிட்டன. காலையில் முதல் அழுத்தத்திலேயே பிடிக்கிறது. வண்டி நின்ற ஆடி மாதக் கடைசியில் பார்த்தேன், 12.6. செல்ப் அடிக்கும் நொடியில் 10.8 வரை இறங்கி மேலே வருகிறது. அந்த நொடியில் 9.6க்குக் கீழே போகத் தொடங்கினால்தான் அடுத்ததற்குக் காசு சேர்க்க வேண்டும். சீல் வகையில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை, மீற்றர் சொல்வதை நம்ப வேண்டியதுதான். மற்றதில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாவது ஒரு செல்லுக்கு வருத்தம் என்று முன்கூட்டியே பிடிக்கலாம்.

கடையிலும் குறை இல்லாமல் இல்லை. வேலை மெதுவாகத்தான் நடக்கும், இரண்டு வண்டி முன்னால் நின்றால் அரை நாள் போய்விடும். காட் எடுக்க மாட்டார், காசுதான். விலையில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். வாரண்டி அட்டையில் விற்ற திகதியையும் வண்டி இலக்கத்தையும் நாங்கள் கேட்டுத்தான் எழுத வைக்க வேண்டும், முத்திரை எங்கே வைத்தார் என்று தேடுவதற்கே கால் மணி நேரம் பிடித்தது. அது இல்லாவிட்டால் பிறகு மாற்றிக் கேட்க முடியாது, ஆகவே நின்று வாங்குங்கள். வெள்ளியில் ஜும்மாவுக்குப் பூட்டினால் இரண்டு மணிக்குப் பிறகுதான் திறப்பார். செத்த பற்றரியையும் மறக்காமல் கொண்டு போங்கள், ஈயத்துக்கு ஒரு தொகை கழித்துத் தருவார்.